பூட்டில்லாத மரப்பெட்டி

லோரெட்டா ஹௌகுக்கு எதையும் பூட்டினால்தான் மனசு அடங்கும். மாண்டனாவில், அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. சர்க்கரை மூட்டையைக்கூடப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் ஜெயிலர். அவள் சாவிக்கு வசப்படாத ஒரே பொருள், புருஷன் ஆர்வினின் மரப்பெட்டி.

சுட்டுத் தீர்ந்த தோட்டாக்கூடுகளுக்கு மறுபடி மருந்து நிரப்பித்தான் ஆர்வின் மான் வேட்டைக்குப் போவான். அந்த வெடிமருந்து எட்டு டப்பா, வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில், ஓர் அங்குலப் பலகையில் அவனே செய்த பெட்டிக்குள் இருந்தது. மூடி சும்மா வைத்திருக்கும். ஒரு பூட்டு போடு என்று அவள் கேட்காத வருஷமில்லை. அடுத்த வாரம் என்பான். எத்தனையோ அடுத்த வாரங்கள் வந்து போய்விட்டன.

வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்கு மகள் வருவதாக இருந்தது. அவள் பிள்ளைகளுக்கு நாலும் ஆறும் வயசு. கை சும்மா இருக்காது. செவ்வாய்க்கிழமை ஆர்வின் காட்டுக்குப் போன நேரம் பார்த்து, லோரெட்டா எட்டு டப்பாவையும் தூக்கிப் பட்டறையிலேயே பக்கத்தில் காலியாகக் கிடந்த பழைய துப்பாக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். கனத்த இரும்பு அலமாரி. சொன்னால் கத்துவான்; பேரப்பிள்ளைகள் கிளம்பின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பட்டறைக் கூரையிலிருந்து புகை வந்தது. பழைய வண்டி பேட்டரியை அங்கே சார்ஜில் போட்டுவிட்டு ஆர்வின் சாப்பிட வந்திருந்தான்.

தீயணைப்பு வண்டி பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. எல்லாம் சம்பளம் வாங்காமல் வரும் ஊர்க்காரர்கள்தான். தலைவன் டேல், டயர் கடை வைத்திருப்பவன். குழாயைப் பிடித்து முன்னால் நின்ற பெண் டாமி, பள்ளிக்கூடத்தில் லோரெட்டா கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். மருந்து எங்கே என்றுதான் டேல் முதலில் கேட்டான்.

"பின்சுவரோரம், மரப்பெட்டியில. தீப்பிடிச்சா புஸ்ஸுன்னு எரிஞ்சு அடங்கிரும்" என்றான் ஆர்வின்.

மரத்துக்கே இப்படியென்றால் இரும்பு இன்னும் நல்லதுதானே என்று லோரெட்டாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அது டேல் வாய் திறக்கும்வரைதான்.

"நல்லவேளை. இரும்புல அடைச்சிருந்தீங்கன்னா ஒருத்தரையும் உள்ள விட்டிருக்க மாட்டேன். டாமி, போ."

லோரெட்டாவுக்குக் குக்கர் நினைவு வந்தது. மான் இறைச்சியை ஜாடியில் அடைத்துப் பெரிய குக்கரில் வேகவைக்கிறவள் அவள். ஆவி போக வழியில்லாவிட்டால் என்னவாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாமியின் ஒரு கால் வாசற்படியில் இருந்தது.

"டேல், அது பெட்டியில இல்ல."

அவளுக்கென்ன தெரியும் என்பதுபோல ஆர்வின் கையை வீசினான்.

"நான்தான் மாத்தினேன். இரும்பு அலமாரியில இருக்கு. பூட்டியிருக்கேன்." கழுத்திலிருந்த சாவியை வெளியே எடுத்துக் காட்டினாள். கை மாவு அதில் ஒட்டியது.

டேல் எல்லோரையும் வண்டிக்குப் பின்னால் இழுத்தான். டாமி குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். தண்ணீர் வீட்டுச் சுவருக்கு மட்டும் என்றாகிவிட்டது. ஆர்வினின் மேஜை, கருவிகள், முப்பது வருஷச் சாமான் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எரிந்தன. இந்நேரம் அணைத்திருக்கலாம் என்று பின்னால் ஒருத்தன் முணுமுணுத்தான். லோரெட்டாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. வெடிக்காமலே போய்விட்டால் ஆர்வின் முகத்தில் எப்படி விழிப்பது?

அடிவயிற்றில் உதைத்ததுபோல ஒரு சத்தம். சமையலறைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அலமாரிக் கதவு முன்சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்து, டாமி போட்டுவிட்டு வந்த குழாயின் மேல் விழுந்தது.

டாமி வண்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜெயிலரம்மா, அந்தச் சாவி இனிமே உங்களுக்கு வேண்டியதில்ல" என்றாள் டாமி. சிரிக்கப் பார்த்தாள்.

விருந்தில் ஆர்வின் வான்கோழியை அறுத்து எல்லோருக்கும் வைத்தான். லோரெட்டாவிடம் மட்டும் பேசவில்லை. சனிக்கிழமை பலகை வாங்கிவந்து வண்டிக் கொட்டகையில் புதுப்பெட்டி செய்ய உட்கார்ந்தான். அதே ஓர் அங்குலக் கனம். முதுகுப் பலகையை மட்டும் சன்ன ஆணியில் லேசாக அடித்தான், உள்ளே அழுத்தம் ஏறினால் அது கழன்றுகொள்ள. மூடிக்குப் பூட்டு.

"இந்தப் பூட்டை நான் அப்பவே போட்டிருந்தா நீ தூக்கிட்டுப் போயிருக்க மாட்ட" என்றான், ஆணியைப் பார்த்தபடி.

சாவி எத்தனை என்று கேட்டாள். ரெண்டு என்று நீட்டினான். லோரெட்டா ரெண்டையும் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.