சைக்கிளுக்குச் சட்டம் இல்லை என்று நான் சொன்னது

"அவர்தான் சொன்னாரு புவான்! சைக்கிளுக்குச் சட்டம் இல்லன்னு அவர்தான் சொன்னாரு!"

கூண்டில் நின்றபடி, மஜிஸ்ட்ரேட் அம்மையாரை 'புவான்' என்று மரியாதையாக அழைத்து, சூசை என்னைக் கைகாட்டினான். பினாங்கு ஜார்ஜ்டவுன் மஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதை மஜிஸ்ட்ரேட்டுக்கு மலாயில் சொல்வது என் வேலை. இருபத்தெட்டு வருடத்தில் என் மேல் சொன்ன புகாரை நானே மொழிபெயர்க்க வேண்டி வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

சூசை லாரி கெலிண்டான். சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. சுங்கை பினாங் ஃபிளாட்டில் குடியிருந்தான். அதற்கு எட்டு மாதம் முன்பு குடித்துவிட்டு மோட்டார் ஓட்டிப் பிடிபட்டான். அபராதம் விதித்து லைசென்ஸையும் முடக்கினார்கள். அந்தக் கேஸுக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். காலையிலிருந்து அது பதினேழாவது கேஸ். அடுத்தவர்களுடைய அழுகையையும் பொய்யையும் என் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோயிருந்தது. தேத்தண்ணி குடிக்கலாம் என்று வெளியே வந்தேன். வராந்தாவில் அவன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, இனிமே சைக்கிள் ஓட்டலாமா?"

"ஓட்டலாம்."

"குடிச்சிட்டு ஓட்டுனா?"

"அந்த செக்‌ஷன் மோட்டார் வண்டிக்குத்தான்லா. சைக்கிளுக்கு இல்ல. ஆள விடு தம்பி."

நான் சொன்னது பொய்யில்லை. ஊதச் சொல்லி அளவு பார்க்கிற சட்டப் பிரிவு மோட்டார் வண்டிகளைப் பற்றியதுதான். ஆனால் சாலை விதிகள் சைக்கிள்காரனுக்கும் உண்டு. கவனமில்லாமல் ஓட்டினால் வழக்கு வரும். பொது இடத்தில் போதையில் நிதானமிழந்து கிடந்தால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

சூசை சைக்கிள் வாங்கினான். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து, குடித்துவிட்டு வந்தவன், ரோட்டோரம் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பார்வதி அக்கா மேல் போய் மோதினான். அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. சைக்கிளைக் கவனமில்லாமல் ஓட்டியதாக அவன் மேல் வழக்குப் போட்டார்கள்.

இப்போது மஜிஸ்ட்ரேட் அம்மையார் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அரசு வக்கீலுக்கும் தெரியாது. 'மன்னிப்புக் கேட்கிறார்' என்று சொல்லி முடித்திருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அந்த மலாய் வாக்கியம் என் வாய்வரை வந்துவிட்டது.

பின்வரிசையில் கையில் மாவுக்கட்டோடு பார்வதி அக்கா உட்கார்ந்திருந்தார்.

சூசை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். நேர்மையால் சொன்னேனா, அக்கா பார்க்கிறாரே என்று சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?" என்று மஜிஸ்ட்ரேட் மலாயில் கேட்டார்.

"சொன்னேன், புவான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். சூசை குற்றத்தை ஒப்புக்கொண்டான்; அவனுக்கு அபராதம். எனக்கு, விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம்.

கேஸ் முடிந்து வெளியே வந்த பார்வதி அக்காவிடம் போனேன்.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

அவர் குரலில் கோபம் இல்லை.

"அவன் போதையில வந்தான் தம்பி. நீங்க தெளிவாத்தானே இருந்தீங்க?"

 அதற்குள் அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டார்கள், போனேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வராந்தாவில் யாராவது சட்டம் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அது நம் வேலை இல்லை. எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஆளைச் சட்ட உதவி அறைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வாருங்கள். நாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்; கேட்டவன் அதை நம்பித்தான் ரோட்டில் இறங்குவான்.