அடுப்படியில் பாவசங்கீர்த்தனம்

கோவிலுக்கு நாற்பது வருஷம் ஆகிறதாம். விழா மலர் போடுகிறார்களாம். ஐம்பது வரைக்கும் பொறுக்க முடியாத அவசரம் என்னவோ, போன மாதம் விழாக்குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துக் காட்டினார்கள். "நம் நகரின் முதல் பூசை பக்தியுள்ள ஒரு தம்பதியின் எளிய இல்லத்தில் நிறைவேறியது. அவர்கள் மனமுவந்து தங்கள் வீட்டையே ஆலயமாக்கித் தந்தார்கள்."

மனமுவந்தாம்! அம்மா செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இருந்து இதைக் கேட்டிருந்தால் அந்த இரண்டு பேரும் டீ குடிக்காமலேயே ஓடியிருப்பார்கள். அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். அவர்களுக்குக் கொடுத்தது வேறு, இது வேறு.

அப்பா துணி ஆலையில் கேட் காவல். ஆலை பெருத்துக்கொண்டே போனது, ஊரும் கூடவே பெருத்தது. எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்களில் நாற்பது குடும்பம் எங்களைப் போல வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். கோவில் என்றால் ரயிலில் மூன்று மணி நேரம் போக வேண்டும். மாதத்தில் மூன்றாம் ஞாயிறு மட்டும் நானே வருகிறேன், ஓர் இடம் பாருங்கள் என்று அங்கிருந்த சாமியார் சொன்னார். ஆளுக்கு ஆள் தரையைப் பார்த்தபோது அப்பா எழுந்து, "எங்க வீடு இருக்கு சாமி" என்று சொல்லிவிட்டார். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்ணால்கூடக் கேட்கவில்லை.

எங்கள் வீடு மொத்தம் இரண்டு அறை. முன்னறையும் அடுப்படியும். பின்னால் சின்ன முற்றம், ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். அம்மா தையல்காரி. முன்னறைதான் அவளுக்குக் கடை. மூன்றாம் சனிக்கிழமை வந்தால் தையல் மிஷினை முற்றத்துக்கு இழுக்க வேண்டும். அந்தக் காலத்து இரும்பு, இரண்டு பேர் சேர்ந்தாலும் அசையாது. வெட்டி வைத்த துணி மூட்டைகள் அடுப்படிப் பரணுக்குப் போகும். கட்டில் சுவரோடு நிற்கும். துணி வெட்டுகிற மேசைதான் பீடம். ஞாயிறு மதியம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தால், டீச்சரம்மா தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணியில் மெழுகுவர்த்தி சொட்டியிருக்கும். அம்மா இஸ்திரிப் பெட்டியை வைத்து அதை எடுத்துக்கொண்டே சாமியாரில் ஆரம்பித்து அப்பாவின் பரம்பரை வரைக்கும் திட்டுவாள்.

அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. வாரம் முழுக்க கேட்டைத் திறந்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சலாம் வைக்கிற மனுஷன். மூன்றாம் ஞாயிறு மட்டும் நெசவு மாஸ்டர் எங்கள் வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா?" என்று அவரைக் கேட்பார். அன்றைக்கு அப்பா இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பார். ஒவ்வொருவரையும் உள்ளே விட்டு, இடம் பார்த்து உட்காரவைத்து, எல்லாரும் சாமியாரிடம் தங்கள் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தபிறகு கடைசி ஆளாக அவர் போவார்.

அந்தப் பாவசங்கீர்த்தனம்தான் அம்மாவின் உயிரை வாங்கியது. முன்னறையில் வரிசை நிற்கும். தனியாக உட்கார இருந்தது அடுப்படி ஒன்றுதான். அம்மா காய் நறுக்குகிற முக்காலியில் சாமியார் உட்காருவார். வந்தவர் அரிசி டின் பக்கத்தில் முழங்கால் போடுவார். புகை போவதற்காக வைத்த சன்னலுக்குக் கதவே கிடையாது. அதிலிருந்து நாலடி தள்ளித் துவைக்கிற கல்.

முதல் மாதமே அம்மா நேராகக் கேட்டுவிட்டாள். "சாமி, நான் முத்தத்துல இருந்தா உள்ள பேசறது அப்படியே கேக்குது. நான் என்ன செய்ய?"

"கேக்காத மாதிரி இரும்மா."

"காது இருக்கே சாமி."

சாமியார் சிரிக்கவில்லை. "தவறிப்போய்க் காதுல விழுந்தா, எனக்கு உள்ள சட்டம்தான் உனக்கும். வாயில வரக் கூடாது. முகத்துல காட்டக் கூடாது. சம்பந்தப்பட்டவங்ககிட்டகூட பேசக் கூடாது. சாகிற வரைக்கும்."

அம்மா பயந்துபோனாள். வம்பு பேசாமல் ஒரு பொழுதும் இருக்க முடியாதவளுக்கு இது என்ன தண்டனை! அடுத்த மாதத்திலிருந்து வரிசை தொடங்கியதும் குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்துவிடுவாள். அடிக்கிற அடியில் தெருக்கோடிவரை கேட்கும். அழுக்குத் துணி கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், வரிசையோ இரண்டு மணி நேரம். அதனால் துவைத்த துணியையே எடுத்து மறுபடியும் அடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி, "துவைச்சதையே துவைக்கிறா, தலையில ஏதோ கோளாறு" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். அப்பாவின் காக்கிச் சட்டை ஒவ்வொன்றும் ஊரார் பாவத்தில் கிழிந்ததுதான்.

ஐந்து வருஷம் இப்படியே போனது. பிறகு நகராட்சி, ஆலைக்கு எதிரிலேயே ஓர் இடத்தைக் கோவிலுக்குத் தருவதாகச் சொன்னது. முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு வேண்டும், குறித்த தேதிக்குள் தர வேண்டும். சாமியார் இல்லாத நாட்களில் எங்களுக்குச் செபம் சொல்லித் தருகிற உபதேசியார், ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி முந்நூறு கையெழுத்தையும் வாங்கிவிட்டார். பூசைப் பாத்திரமும் அங்கியும் இருக்கிற மரப்பெட்டியில் மனுவை வைத்தார்கள். அந்தப் பெட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில்.

அந்த வாரம் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நேராகப் போய் ஒரு போர்டு எழுதி வாங்கி வந்தாள். வெள்ளையில் சிவப்பு எழுத்து: "பெண்கள் உடை தைக்கப்படும்." தெருப்பக்கத்துச் சன்னலோரம் மிஷின் எங்கே நிற்க வேண்டும் என்று தையல் டேப்பால் அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். "இனிமே இதை ஒருத்தன் நகர்த்தட்டும், பார்க்கிறேன்" என்றாள். போர்டைப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள், கோவில் வரும்வரை.

கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. உபதேசியார் காலையில் வந்து பெட்டியைத் திறந்தார். மனு இல்லை. அங்கியை உதறினோம், கட்டிலைக் கவிழ்த்தோம், துணி மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு நகராட்சிக் கதவு மூடியது. அந்த வாரமே அந்த இடத்தை ஒரு மரக்கடைக்காரர் வாங்கிவிட்டார்.

பழி யார் தலையில் விழும்? வீட்டுக்காரர் தலையில்தான். மரக்கடைக்காரர் அப்பாவை எப்படியோ வளைத்துப்போட்டார் என்று ஆலை கேட்டிலேயே பேசினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா விடுவாளா? உபதேசியாரைத் தெருவில் வழிமறித்தாள். "உங்க பையில கை நுழையற அளவுக்குக் கிழிசல். எங்க தொலைச்சீங்களோ, பெட்டியில வச்சதா சொல்றீங்க. என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது, தெரியுமா? அடுத்த மாசம் சாமியார் வரட்டும். அத்தனை பேர் முன்னாலயும் கேக்கிறேன்."

நான்கு வாரம் இதே பேச்சு. சாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மிஷினை மிதித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கே மனப்பாடம்.

அந்த மூன்றாம் ஞாயிறு குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மா இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். மெழுகுவர்த்தி எங்கே என்று உபதேசியார் கேட்கிறார் என, கொஞ்ச நேரம் கழித்து நான் பின்பக்கச் சந்து வழியாக அவளைத் தேடிப் போனேன். அவள் திரும்பி வந்திருந்தாள். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இரண்டு வெறும் வாளி. அடுப்படியில் பேச்சு ஓய்ந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியின் அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

பூசை முடிந்தது. எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் சண்டைக்குத் தயாராகக் கிழிந்த பையை மடியிலேயே வைத்திருந்தார். அம்மா எழுந்தாள். "டீ போடறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அந்த மனுவைப் பற்றி ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து வரவில்லை.

நான் மடச்சி இல்லை. எடுத்தவன் யாரோ அன்றைக்கு அடுப்படியில் சொன்னான், இவள் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. யார்? உபதேசியாரா, நெசவு மாஸ்டரா, அவர் மனைவியா? யாருக்கு டீ கொடுக்கும்போது அம்மாவின் முகம் மாறுகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே டீ, ஒரே முகம். பாவம், உபதேசியாரோடு பத்து வருஷம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உனக்குத் தெரியும்மா. யாருன்னு சொல்லித் தொலையேன்."

"அந்த ஊசியை எடு."

"அப்பா பேரு நாறுது. உனக்கு வலிக்கவே இல்லையா?"

"ஊசியை எடுன்னு சொன்னேன்."

மற்ற விஷயங்களுக்கு மட்டும் வாய் நன்றாக வேலை செய்தது. அப்பாவைத் திட்டாமல் ஒரு நாள் விடியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் திட்டு, சைக்கிளை வாசலில் சாய்த்தால் திட்டு. கட்டின புருஷனின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளாம், ஆனால் உப்புக் குறைந்தது என்று சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகிப் போகிற அன்றுகூட அந்தக் கோபத்தோடுதான் போனேன்.

அடுத்த இடம் கிடைக்க ஒன்பது வருஷம் ஆனது, பஸ் கடைசியாக நிற்கிற இடத்துக்கும் அப்பால். இந்த முறை கையெழுத்துக்கு அலைந்தது அப்பா. வேலை முடிந்து கால் வீங்கத் தெருத் தெருவாகப் போய் ஐந்நூறு வாங்கினார். அவரைத் தூற்றினவர்களே, பழியைச் சுமந்துகொண்டு உழைக்கிறாரே என்று உச்சுக்கொட்டினார்கள். அந்தச் சமயத்தில் அம்மா தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

மரப்பெட்டி எங்கள் வீட்டை விட்டுப் பாட்டோடு போன அன்றைக்கே மிஷினைச் சன்னலோரம் இழுத்துப் போட்டோம். சாக்பீஸ் கோடு எப்போதோ அழிந்துவிட்டது, அவளுக்கு இடம் ஞாபகம் இருந்தது. உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோர்க்க ஏழெட்டு முறை முயன்றாள், நூல் ஏறவில்லை. கண் மங்கிவிட்டிருந்தது. ஆலைத் தெருவில் தைத்த உடுப்பு விற்கிற கடைகளும் வரிசையாக வந்துவிட்டன. போர்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டாள், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி.

இதையெல்லாம் மலரில் போடுவார்களா? மனமுவந்து என்றுதான் போடுவார்கள்.

குழுக்காரர்கள் போனபிறகு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். எண்பத்தேழு வயது, காது மட்டும் இன்னும் கூர்மை. "ஏம்மா, அந்த மனு காணாமப் போனதையும் போடுவாங்களா?"

"போடட்டுமே. உங்க மேல பழி போட்டவங்க பேரையெல்லாம் சேர்த்துப் போடச் சொல்றேன்."

"வேண்டாம்மா. எடுத்தது நான்தான்."

வயதான காலத்தில் உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி அடுப்புல வச்சுட்டேன். கோவில் வந்துட்டா நம்ம வாசல்ல யாரு வந்து நிப்பா, சொல்லு. நான் மறுபடியும் கேட் காவக்காரன்தானே? அடுத்த மாசமே சாமியார்கிட்ட சொல்லி அழுதுட்டேன். கடைசி ஆளாப் போய். நல்லவேளை, அன்னைக்கு உங்கம்மா தண்ணிக்குப் போயிருந்தா. பின்னாடி துவைக்கிற சத்தமே இல்ல."

என் மணிக்கட்டு வலித்தது. பொய் இல்லை, நிஜமாகவே வலித்தது. அந்த அறைக்காக, அந்தச் சன்னலுக்காக ஏங்கியவள். தன் அடுப்பிலேயே அந்த மனு எரிந்தது என்று தெரிந்துகொண்டு, அந்த மனுஷனுக்கே நாற்பத்தைந்து வருஷம் அதே அடுப்பில் சமைத்துப் போட்டிருக்கிறாள். ஏன் செய்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்க முடியவில்லை. பொத்தானுக்கும் உப்புக்கும்தான் கத்த முடிந்திருக்கிறது.

"எல்லாத்துக்கும் என்னைத் திட்டினா உங்கம்மா" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "இதுக்கு மட்டும், நீயா எடுத்தேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவ்வளவு நம்பிக்கை என் மேல. கடைசி வரைக்கும் நம்பிட்டே போயிட்டா. அது போதும்மா எனக்கு."

என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எண்பத்தேழு வயதுக் கிழவர், கண் கலங்கிச் சிரித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

எழுந்து முற்றத்துக்குப் போனேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வை, துண்டு, அவருடைய சட்டை எல்லாவற்றையும் உருவிப் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

உள்ளேயிருந்து அப்பா கத்தினார். "ஏம்மா, அது துவைச்ச துணிதானே?"