பாதிக் கல்

முன்பற்களுக்கு நடுவே ஒரு துணுக்குக் கல்லை வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார் கல்லக்கா. பார்க்கிற நமக்குத்தான் பல் கூசுகிறது. "நறநறன்னா பொடிமணல். வெண்ணெய் மாதிரி வழுக்குச்சுன்னா களிமண். இதுக்கு மெஷின் வேற வேணுமா?" என்று சொல்லித் துப்புகிறார். பிறகு ஈர பிரஷ்ஷால் கல்லைத் துடைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, "இளஞ்சாம்பல், மெல்லிய அடுக்கு, மேல சிவப்புக் கோடு" என்று முணுமுணுத்தபடி கம்ப்யூட்டரில் தட்டுகிறார். கல்லை வர்ணிப்பதற்கும் மாதச் சம்பளம் உண்டு என்று எனக்கு இவரைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

எங்கள் அலுவலகத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், கூரை வரை அடுக்கிய நீளப் பெட்டிகளுக்கு நடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பார். பெட்டிகளில் இருப்பவை பூமியைத் துளைத்து எடுத்த உருளைக் கற்கள். அந்தப் பாறை வெகு ஆழத்தில் கிடக்கிறது. தரைக்கு மேல் எங்கும் தலைகாட்டியதே இல்லை. செடி கொடி, புழு பூச்சி எதுவும் தோன்றாத காலத்தில் படிந்த சேறும் மணலும் இறுகிக் கல்லானது. "மழை பெஞ்சிருக்கு, காத்தடிச்சிருக்கு, நனையறதுக்கு ஒரு புல்லு கூடக் கிடையாது. பாவம், எவ்வளவு வெறிச்சுனு இருந்திருக்கும்!" என்பார், பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

எதைப் பார்த்தாலும் வர்ணிக்கிற வியாதி வேறு. புதிதாக வந்த மேலாளர் எப்படி என்று கேட்டேன். "மேல பளபளப்பு. தொட்டா உதிரும்." கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாலும் சாயங்காலமே திரும்பிவிடுவார். "அங்க எல்லாரும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க. என்கிட்ட இல்ல, அவ்வளவுதான்."

பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். பாதிக்காரர். ஒவ்வொரு கல்லையும் நெடுக்காக வாளால் அறுத்து, ஒரு பாதியை இங்கே வைத்துக்கொண்டு இன்னொன்றை வேறொரு நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து அதை வர்ணிப்பவர் அவர். பழக்கம் தொடங்கியதே கல்லக்கா செய்த தப்பில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லைத் தலைகீழாகப் பெட்டியில் வைத்து, பார்த்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கல்லின் மேல்முகத்தில் மழைத்துளி விழுந்த குட்டிக் குட்டிப் பள்ளங்கள்; இவர் எழுதியதில் அவை அடிப்பக்கம் போய்விட்டன. உடனே போன் வந்தது.

"ஏம்மா, உங்க ஊர்ல மழை கீழேருந்து மேல பெய்யுமா?"

"மானமே போச்சு. ஆனா சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு," என்பார் கல்லக்கா.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் போன். ஒவ்வொரு போனிலும் ஒரே சண்டை. அந்தச் சேறு படிந்தது ஏரியிலா, கடலோரத்திலா? "கடல் ஏறி எறங்கின கோடு கண்ணு முன்னாடி இருக்கு. ஏரியாம் ஏரி! பிடிவாதம் பிடிச்ச மனுஷன்!" ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. "பாத்து என்ன பண்ண? ரெண்டு பேரும் அதே கல்லைத்தானே பாக்கறோம்."

சில மாதங்களாக அந்த போன் வரவில்லை. இவர் அழைத்தாலும் மணி அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, போனையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "கோவமா இருப்பாரோ? போன தடவை கொஞ்சம் கத்திட்டேன்."

போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் வந்தாள், துணியில் சுற்றிய பொட்டலத்தோடு. பாதிக்காரரின் மகள்.

"அப்பா போயிட்டாரு ஆன்ட்டி. ஆஸ்பத்திரிக்குப் போனவரு திரும்பவே இல்ல. போன் வீட்டுலயே கெடந்துச்சு. இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம், இது ஏரிதான்னு சொல்லச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

கல்லக்கா பிரித்துப் பார்த்தார். மழைப் பள்ளம் விழுந்த அந்தக் கல்லின் இன்னொரு பாதி. "ஆபீஸ் கல்லை எடுத்துட்டு வந்திருக்காரு பாரு, திருடன்!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டார். "இனிமே நான் யாருகிட்ட சண்டை போடுவேன்?"

அந்தப் பெண் போன பிறகு, பெட்டியிலிருந்து மழைக் கல்லின் தன் பாதியை எடுத்து, வந்த பாதியோடு சேர்த்தார். வாள் நடுவே அறுத்த பள்ளம் ஒன்று இரண்டிலும் இருந்தது. சேர்த்தும் அது வட்டமாகவில்லை. கொஞ்சம் நசுங்கித் தெரிந்தது.

"வாளோட தடிமன் அளவுக்குக் கல்லு பொடியாப் போயிடும். அது எந்தப் பெட்டியிலயும் இருக்காது," என்றார், என்னைப் பார்க்காமல்.

பின்னலிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டினார். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. மழைப் பள்ளங்கள் மேலே இருக்கும்படி கல்லை மேஜையில் நிறுத்தி, பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து, கையை உயரத் தூக்கி, அந்த நசுங்கிய பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விழவிட்டார்.