பெண் பார்க்க வந்தவர்களும் எலிப் பூச்சியும்

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா செய்த முதல் காரியம் எலி பிடித்தது. அவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் ரப்பர் காடு. மழை பிடித்தால் காட்டெலியெல்லாம் எங்கள் காம்பராவுக்குள் குடிவந்து, பரணில் கிடக்கும் பழைய சாக்குகளில் குட்டி போடும். "சம்பந்தி தலைக்கு மேல எலி ஓடுனா நமக்கு என்னா மரியாத?" என்று பொறி வைத்து அத்தனையையும் ஒழித்தார். எலிக்கூட்டோடு சாக்குகளை இழுத்து வாசலில் வேலியோரம் குவித்தார். குவித்த மனுஷன் கொளுத்தியிருக்கலாம். ஈரமாக இருக்கிறதாம், காயட்டுமாம்.

காட்டெலியின் உடம்பில் கடுகைப் பொடித்தது போல ஒரு பூச்சி உண்டு. எலி இருக்கிறவரை எலியின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும். எலி செத்தால் பசியெடுத்து மனுஷரைத் தேடி வரும். இது எங்களுக்கு அப்போது தெரியாது. அவர்கள் வரும் அன்று காலையில் எழுந்தால், எனக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு!

அம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா!"

அம்மை போட்டால் மாரியம்மனே வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதுதான் எங்கள் பேச்சு.

"ஆத்தாவுமில்ல ஒண்ணுமில்லம்மா. காய்ச்சலே இல்ல, அரிக்குது, அவ்வளவுதான்."

"வாய மூடு. கோவிச்சுக்குவா."

மழை ஊரில் வேப்பிலைக்கு எங்கே போவது? அப்பா போய்க் கோயிலில் நின்ற ஒற்றை வேப்பமரத்தை மொட்டையடித்துவிட்டு வந்தார். வாசலில் கொத்துக் கொத்தாகக் கட்டினார். எனக்கு மஞ்சளைப் பூசி உள்ளே படுக்க வைத்தார்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் வடையைத் தின்றுவிட்டுப் போனது, நானும் கவலைப்படவில்லை. ஆனால் இப்போது வருகிற மாப்பிள்ளையை நான் திருவிழாவில் பார்த்திருந்தேன். கரவனெல்லப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கோயில் வாசலில் இவருடைய ஒற்றைச் செருப்பை எவனோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட, மிச்சமிருந்த சோடியில்லாத செருப்பை மாட்டிக்கொண்டு தன்னையே பார்த்துச் சிரித்தபடி நடந்தார். இவர்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவருக்குத் தெரியாது, பாவம்.

வரவேண்டாம் என்று சொல்லியனுப்ப வழியில்லை. அவரும் அவருடைய அம்மாவும் மாமாவும் பஸ்ஸேறி வந்தே விட்டார்கள். வேப்பிலையைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்கள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"அப்பிடீன்னா, ஆத்தா வந்த வீட்டுக்குள்ள நாங்க வரக்கூடாதுங்க" என்றார் அவருடைய அம்மா.

பஸ் வரும்வரை உட்காரட்டுமென்று அப்பா வாங்குப் பலகையைக் கொண்டுபோய்ப் போட்டார். எங்கே? அந்தச் சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில்! அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

நான் ஜன்னலில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். "குருவிட்டயில இன்னொரு பொண்ணு இருக்காம். வந்ததுதான் வந்தோம், அதப் பாத்துட்டுப் போயிருவோம்" என்று அந்த அம்மா மாமாவிடம் சொல்வது கேட்டது. குருவிட்டக்காரி யாரோ எவளோ, அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த அம்மா முழங்கையைச் சொறிந்தார். பிறகு பிடரியை. மாமா வேட்டிக்குள் கையை விட்டார். மாப்பிள்ளை வாங்கில் உட்கார முடியாமல் நெளிந்தார். எலிச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஆத்தா வருவாளா?

பெண் பார்க்கும் நாளில் பெண் தலைகுனிந்து வரவேண்டும். நான் மஞ்சள் மூஞ்சியோடு, அம்மா பிடித்து இழுக்க இழுக்க வாசலுக்கு ஓடினேன். கையோடு எடுத்துப் போன வெள்ளைப் பீங்கான் தட்டைக் கீழே வைத்து அதன்மேல் ஒரு சாக்கை உதறினேன். தட்டெல்லாம் பொடிப் பொடியாக ஊர்ந்தது.

"பாருங்க அத்த, நடக்குது! ஆத்தா இப்பிடியா நடப்பா? எலி மேல இருந்த பூச்சி இது. என்னைய கடிச்சதும் இதுதான், இப்ப ஒங்கள கடிக்கிறதும் இதுதான்!"

முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தார், சொறிந்துகொண்டே. அந்த அம்மா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். 'போச்சு, வாயாடி என்று எழுதிவிட்டார்கள்' என்று நினைத்தேன்.

"தேங்கா எண்ணெ இருக்கா?" என்றார்.

"ஐயையோ, ஆத்தா இருக்கிற வீட்டுல எண்ணெ எடுக்கக்கூடாதுங்களே!" என்று அலறினாள் அம்மா.

"ஆத்தா நம்ம வீட்டுக்கெல்லாம் வரலீங்க. எலிதான் வந்திருக்கு. நீ கொண்டா புள்ள."

வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஆம்பளைகளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சட்டையைத் தளர்த்தி, முதுகை எனக்குக் காட்டி உட்கார்ந்தார்.

"எனக்குக் கை எட்டல. நீயே தடவு."

எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தடவினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்கதான். நல்லா அழுத்து."

அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வெளியே நின்ற மாமாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"அண்ணே, குருவிட்டக்கெல்லாம் போகத் தேவையில்ல."