பதினெட்டு அங்குல வாசல்

கத்திரி அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், அளவெடுப்பாள். தையல் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறவள், பெயரும் அங்கே வந்ததுதான். விரலளவு துணி வீணானாலும் அவளுக்கு வயிறு எரியும்.

வீட்டைப் பாகம் பிரித்தபோது அவளுடைய அண்ணன் முன்பக்கம் முழுவதையும் வளைத்துப் போட்டுக்கொண்டார். அவளுக்கு வந்தது ஓர் அறை, ஒரு சமையலறை, வீட்டுக்குப் பின்னால் உடைந்த செங்கல் குவிந்து கிடந்த காலி இடம். தெருவிலிருந்து அவள் அறைக்குப் போக, பக்கவாட்டில் ஒரு சந்து விட்டார் பாருங்கள், மகராசன்! அகலம் பதினெட்டு அங்குலம். அவளுடைய பீரோ பலகை பலகையாகக் கழன்றுதான் உள்ளே போனது. காய்கறிப் பையோடு வந்தால் நண்டு மாதிரி நடக்க வேண்டும்.

"கொஞ்சம் அகலமா விட்டிருக்கக் கூடாதாண்ணே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஒரு ஆள் போக இது போதாதா?" என்றார் அண்ணன், பல்லைக் குத்திக்கொண்டே.

அந்த வார்த்தையை அவள் மறக்கவே இல்லை. சந்தில் தோள் உரசும்போதெல்லாம் அது காதில் கேட்டது.

மூன்று வருடம் கழித்து அவர் அடுத்த அம்பை விட்டார். "பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு? இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன். அப்படியே கிடந்தா நான் சாமான் ஷெட் போட்டுருவேன்."

'போடுவீங்க, போடுவீங்க' என்று கறுவிக்கொண்டே அந்த வாரமே செங்கல் பொறுக்க ஆரம்பித்தாள். அந்த இடத்தையும் விட்டுவிட்டால் அவளுக்கு மிச்சம் அந்தச் சந்துதான்.

தோட்டம் போட அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் செய்தாள். பழுப்புத் தாளை விரித்து, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று இடத்தை வரைந்தாள். சட்டையின் உடம்புத் துண்டுக்குப் பக்கத்தில் கைத் துண்டை நுழைத்து, மிச்ச இடுக்கில் காலரைச் செருகுவாளே, அதே கணக்கில் தக்காளி, வெண்டை, கீரை, பூசணி, பப்பாளி எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கினாள். உள்ளங்கை அகலம்கூட வீணாகவில்லை. துணியாக இருந்திருந்தால் ஆலையில் கைதட்டியிருப்பார்கள்.

இரண்டே மாதத்தில் பல்லிளித்துவிட்டது. நடுவில் களை பிடுங்கக் கீரையை மிதித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பூசணி எல்லாவற்றின் மேலும் ஏறிப் படுத்துக்கொண்டது.

"என்னடி, காடு வளர்க்கிறியா?" அண்ணன் ஜன்னலில் நின்று சிரித்தார். சிரித்ததோடு விடவில்லை, மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து ஷெட்டுக்கு டேப் பிடித்துப் பார்த்தார்.

"கெடு முடிய இன்னும் ஏழு மாசம் இருக்குண்ணே," என்றாள்.

நாற்றுக்கடைக்காரர் முன்னால் போய்த் தாளை விரித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கும்மா. உங்க காலை எங்க வெப்பீங்க?"

கத்திரி அக்காவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. காலி இடம் என்றாலே நஷ்டம் என்று பழகிய கை ஆயிற்றே!

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு வாரம் விடுப்பு எடுத்து, காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளையும் தையல் சாக்கட்டியால் நிழலின் விளிம்பைத் தாளில் கோடு போட்டுக் குறித்தாள். மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தாள். இந்த முறை பாதையைத்தான் முதலில் வரைந்தாள். பாத்திகள் இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும் அகலம். உயரமாக வளர்பவை எல்லாம், நிழல் மதிலில் விழுகிற ஓரத்துக்குப் போயின. நடுவில் குழாய், அதையொட்டி ஒரு கொடிப்பந்தல்.

அண்ணன் வீட்டுப் பின்கதவுக்கு நேராக வேலி வரைந்து, அதில் இரண்டு கல்தூண் நடுவே ஒரு வாசலும் குறித்தாள்.

"மூணடியாவது விடுங்கம்மா," என்றார் நாற்றுக்கடைக்காரர். "பதினெட்டு அங்குலத்துல தள்ளுவண்டிகூட நுழையாது."

"நுழைய வேண்டியது தள்ளுவண்டி இல்லை."

"அந்தப் பக்கம் யாரு வரப் போறாங்க?"

"வருவாரு," என்றாள். அண்ணனின் சட்டைகளை வெட்டியவளே அவள்தான். தோள் பத்தொன்பது, வயிறு அறுபது. அளவு மனப்பாடம்.

கெடு முடிவதற்குள் தக்காளி பழுத்தது, பந்தல் மூடியது. கொத்தனார் டேப்போடு வந்து, தோட்டத்தைப் பார்த்து வாயடைத்து, விதைக்கு நாலு வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். ஷெட் பேச்சு அத்தோடு ஒழிந்தது.

வெயில் காலம் வந்தது. அண்ணன் தன் பக்கம் ஒரு பிடி மண் விடாமல் சிமெண்ட் போட்டிருந்தார். வீடு அடுப்பாகக் கொதித்தது. ஒரு மாலை கையில் ஒரு மர நாற்காலியோடு வந்து அந்த வாசலில் நின்றார்.

"பந்தலுக்குக் கீழ கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்டி."

"தாராளமா வாங்கண்ணே."

நேராக வந்தார், தோள் இடித்தது. பக்கவாட்டில் திரும்பினார், வயிறு தூணில் சிக்கியது. நாற்காலியை நிமிர்த்தினார், சாய்த்தார். கால்கள் நாலும் தூணில் முட்டின.

"கழட்டி எடுத்துட்டு வாங்க," என்றாள், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே. "என் பீரோ அப்படித்தான் வந்துச்சு."

அண்ணனுக்கு முகம் கறுத்தது. "கூடப்பிறந்தவன்கிட்டயேவா? இந்தத் தூணைக் கொஞ்சம் தள்ளி நட்டா என்னடி குறைஞ்சிடும்?"

அவள் குழாயை மூடினாள். நான்கு வருடமாகக் காத்திருந்த நேரம் இது. அவசரப்படாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றாள்.

"ஒரு ஆள் போக இது போதாதாண்ணே?"