ஒரு குறையும் இல்ல, சார்!

இ-சேவை மையத்தில் உட்காருகிறவளுக்குக் காது இரும்பில் இருக்க வேண்டும். சர்வர் படுத்துக்கொண்டால் அரசாங்கத்துக்குப் போக வேண்டிய ஏச்செல்லாம் எங்கள் மேல்தான் விழும். நான் இருப்பது ஆறுமுகநேரியில். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனுப் போட்டுக் கொடுப்பதுதான் என்னிடம் வரும் பாதி வேலை. இளம்பிள்ளை வாதத்தில் என் வலது காலும் சூம்பிப்போனதுதான். அதே உதவித்தொகையை நானும் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் என் மூன்று சக்கர ஸ்கூட்டருக்குப் பெட்ரோல். அந்த ஸ்கூட்டர் இருந்தால்தான் நான் வேலைக்கு வர முடியும். வேலைக்கு வந்தாலோ வருமானம் இருக்கிறது என்று உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் ஸ்கூட்டர் நிற்கும், ஸ்கூட்டர் நின்றால் வேலை போகும். சிரிக்காதீர்கள். ஏதாவது ஒரு கவுண்டரில் கால் கடுக்க நின்றவர்தானே நீங்களும்!

இந்த வருஷம் எல்லோருக்கும் மறுவிசாரணை என்று புதிதாக மாற்றலாகி வந்த ஓர் ஆபீசர் வீடு வீடாகக் கிளம்பினார். அதற்குப் பிறகு நடந்த கூத்துகள்தான் இவை.

கலர் குடித்த விசாரணை

புன்னைக்காயல் சவரிமுத்து அண்ணாச்சிக்கு வள்ளத்து மோட்டாரில் சிக்கி ஒரு கால் முழங்காலோடு போனது. உட்கார்ந்த இடத்தில் கிழிந்த வலையைக் கொஞ்சம் பொத்துவார். அவர் வீட்டுக்குப் போன ஆபீசர், "எப்படி இருக்கீங்க பெரியவரே?" என்று கேட்டிருக்கிறார். விருந்தாளி அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான் உண்டு. "மாதா கிருபையில ஒரு குறையும் இல்ல, சார்" என்று அண்ணாச்சி சொல்ல, ஆபீசர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். குறை இல்லை! அண்ணாச்சி கடையில் வாங்கி வைத்த கலர் சோடாவையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாராம். அடுத்த மாதம் பணம் வரவில்லை.

"இருக்கிற குறையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அண்ணாச்சி?" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஊன்றுகட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, மரியாதை தெரியாத பெண்ணைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

"வீடு தேடி வந்த மனுசனுக்குக் கலரு குடுப்பாவளா, நம்ம குறையச் சொல்லி அழுவாவளா எம்மா?"

மிதிக்கிற மெஷின்

அன்றிலிருந்து கவுண்டருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ஆபீசர் நலம் விசாரித்தால் நலம் என்று மட்டும் சொல்லாதீர்கள், குறையைச் சொல்லுங்கள். ஏரல் பேச்சியம்மாள் நல்ல மாணவி. ஆபீசர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூரை ஒழுகுவதிலிருந்து மருமகள் வாய் வரைக்கும் குறைகளை ஒப்பித்துவிட்டாள். ஆனால் அவர் கண் மூலையில் இருந்த தையல் மெஷினில் போய் நின்றது.

அது ஏதோ ஒரு விழாவில் அரசாங்கமே கொடுத்த மெஷின், காலால் மிதிக்கிறது. பேச்சியம்மாளுக்கு இரண்டு காலும் விளங்காது; கையை ஊன்றித் தவழ்ந்துதான் நகர்வாள். மெஷின் மேல் டிவி இருந்தது. "சொந்தத் தொழில் இருக்கு, அதுல டிவி வேற வாங்கியிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு, உதவித்தொகையை நிறுத்தப் பரிந்துரை செய்துவிட்டார் ஆபீசர். மேல்முறையீட்டில் என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டேன்.

"மெஷின் குடுத்தவுக அத மிதிக்க ரெண்டு காலும் சேத்துக் குடுத்திருந்தா, உங்க பணம் வேண்டாம்னு நானே சொல்லிருப்பேம்லா, அத எழுது!"

பேரம்

முருகனுக்குப் பார்வை கிடையாது. திருச்செந்தூர் பஸ்களில் ஏறி ஊதுபத்தி விற்பார். ஆபீசர் அவரிடம், "நீங்க பஸ்ல வியாபாரம் பண்றதை நானே கண்ணால பார்த்திருக்கேன். வருமானம் இருக்கு, இனி எதுக்கு உதவித்தொகை?" என்று கேட்டாராம். இதோடு முருகன் கதையும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தச் சுற்றில் பணம் நிற்காமல் தப்பித்த ஒரே ஆள் அவர்தான். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, சொன்னதை எனக்கும் ஒரு தடவை சொல்லிக் காட்டினார்.

"நீங்க கண்ணால பாத்திய, நான் காதால கேட்டேன் சார்; மூணு பாக்கெட்ட ரெண்டு பாக்கெட் வெலைக்குக் குடுன்னு மல்லுக்கு நின்னது உங்க கொரல்தான?"

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த எனக்கு ஒரு விஷயம் தோன்றவில்லை. என் வீட்டுக்கு ஆபீசர் வரும்போது நான் மையத்தில் இருப்பேன், வீட்டில் அம்மாதான் இருப்பாள். அந்த வாரம் பார்த்தா அவர் வரவேண்டும்? என்னைப் பெண் கேட்டு மாப்பிள்ளையின் மாமா அதே வாரம் வருவார் என்று கல்யாணத் தரகர் வேறு சொல்லி வைத்திருந்தார்.

வாசலில் வந்து நின்ற ஆபீசர், "உங்க பொண்ணைப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்" என்றிருக்கிறார். அம்மாவுக்கு அது போதும். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, தூத்துக்குடி மக்ரூனும் காப்பியும் வைத்துவிட்டாள். பெண் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கா, கை நெறயச் சம்பளம்" என்றாள். நடக்கச் சிரமப்படுவாளோ என்றதற்கு, "சிரமமா? வண்டி எடுத்தா பறப்பா. எம்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, சார்" என்றாள். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். சம்பந்தம் படிந்துவிட்டது என்று அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தாள்.

சாயங்காலம் அம்மா நடந்ததைச் சொல்ல, வந்தது யார் என்று புரிந்ததும் நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. பெட்ரோலுக்கு எங்கே போவேன், வேலைக்கு எப்படிப் போவேன், குறை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன்.  அதற்கு அம்மா சொன்னதைக் கேட்டு என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

"ஊரே குறை குறைன்னு சொன்னப்பகூட இந்த வாயால நான் ஒருநாளும் சொன்னதில்லயே ஏளா, எவனோ வந்து கேட்டான்னு இன்னைக்குச் சொல்லுவனா?"

நிஜமாகவே வந்த மாமா

உதவித்தொகை நின்ற பிறகு மாப்பிள்ளையின் மாமா நிஜமாகவே வந்தார். இந்தத் தடவை நானும் வீட்டில் இருந்தேன். காலைப் பார்த்தார், வாசலில் நின்ற ஸ்கூட்டரையும் பார்த்தார், மக்ரூனைத் தின்று முடித்தார். அம்மா வாயைத் திறக்குமுன் நானே எல்லாவற்றையும் சொன்னேன்: கால் இப்படித்தான், வேலைக்குப் போகிறேன், உதவித்தொகை நின்றுவிட்டது, மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அவர் வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கால் குறை ஒண்ணும் பெருசில்லம்மா, அத நாங்க பொறுத்துக்கிடுவோம், மாசாமாசம் வந்த பணம் நின்னுட்டுங்கியளே, அதாம் யோசனையா இருக்கு."

உதவித்தொகை வேண்டுமென்றால் உடம்பு பூராவும் குறையாக இருக்க வேண்டும், கல்யாணம் வேண்டுமென்றால் மாசப் பணத்தில்கூட ஒரு குறையும் இருக்கக் கூடாது. குறையோடு வேலை பார்த்துச் சம்பாதிக்கிற என்னைப் போட்டு நிரப்ப மட்டும் ஜாதகத்திலும் கட்டம் இல்லை, விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.