மாடியில் இன்னொருவர்

கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அது நான் சொன்ன சாக்கு. அம்மாவின் தம்பிக்கு என்னைக் கட்டிக்கொடுப்பது என்று பேசி முடித்து, நாள் பார்க்கப் போகிற நேரத்தில், "எனக்கு இப்பம் கல்யாணம் வேண்டாம், கம்ப்யூட்டர் படிக்கணும்" என்றேன். மாமாவைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியம் இல்லை. வாயில் வந்தது கம்ப்யூட்டர். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் டீக்கடையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அய்யா ஒரு அதட்டலில் முடித்திருப்பார். கம்ப்யூட்டர் என்றதும் கொஞ்சம் மிரண்டுவிட்டார்.

மாமா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அய்யா எப்போதுமே பேச்சுக் குறைவு. அதனால் அவரும் நிறுத்திவிட்டார் என்பது எனக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் புரிந்தது. அம்மா அப்படியில்லை. கோழியோடு பேசுவாள், பருத்திமார் கட்டோடு பேசுவாள், வராத மழையைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுவாள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

"சோறு வடிச்சிருக்கு. பசிச்சவிய போட்டுத் திங்கட்டும்."

வாழ்நாளில் அம்மா எனக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அந்த மாதங்களில்தான்.

வீட்டுக்குள் நுழைந்தால் "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்க ஆளில்லை. இது ஒரு பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். யாரும் கேட்காமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள்.

சொன்ன சொல்லுக்காக கோவில்பட்டிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே ஒரு ஹால், வெளிப்பக்கமாகப் படி ஏறினால் மேலே ஒரு ஹால். கீழே பெண்கள், மேலே பையன்கள். முதலில் டாஸ், அப்புறம் யூனிக்ஸ். யூனிக்ஸ் படித்தால் பெங்களூரில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. இன்னொருத்தி தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கே திரும்பிப் போய்விட்டாள். மற்றவர்கள் டைப்ரைட்டிங்கே தேவலாம் என்று கிளம்பினார்கள். கடைசியில் காலை பேட்ச் என்றால் நான்தான் பேட்ச்.

டாஸாவது எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லும். ஒரு பைலைக் காப்பி செய்தால் ஒரு பைல் காப்பி ஆனது என்று கணக்குச் சொல்லும். யூனிக்ஸ் அழுத்தக்காரன். சொன்ன வேலையைச் செய்துவிட்டு அடுத்த வரியில் வந்து சும்மா நிற்கும். முதல் நாள் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே சார்?"

"சொல்லலைன்னா சரியா நடந்திருக்குன்னு அர்த்தம்மா. தப்புப் பண்ணினாத்தான் அது வாயைத் திறக்கும்" என்றார்.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேலே கலர் ஸ்கிரீன் கிளாஸ் எடுக்கப் போய்விட்டார். புதிதாக வந்த விண்டோஸுக்கு அங்கே கூட்டம் நெரிந்தது. எனக்கு ஒரு தாளில் கட்டளைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, அடித்துப் பழகச் சொல்லிப் போவார். காற்றாடிச் சத்தத்தைத் தவிர ஹாலில் வேறு சத்தம் இருக்காது. அதைப் பேச வைக்க வேண்டும் என்பதற்காகவே நான் வேண்டுமென்று தப்பாக அடிப்பேன். ஒருமுறை என் பெயரை அடித்தேன். 'not found' என்றது. சிரித்தேன். அடுத்த தடவை அடித்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் கீழே ஒரு பேஸ் போய்விட்டது. மேலே மட்டும் கரண்ட் இருந்தது. பையன்களின் பேட்ச் முடிந்திருந்ததால் மாஸ்டர் என்னை மேல் ஹாலின் மூலையில் கிடந்த பழைய டெர்மினலில் உட்கார வைத்தார். ஹாலே காலியாக இருந்தது. முடித்ததும் டெர்மினலின் பக்கவாட்டில் இருந்த திருகைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தேன். திரை இருண்டது. எழுந்து வந்துவிட்டேன். டாஸில் அப்படித்தான் பழக்கம். வேலை முடிந்தால் எழுந்து போவது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் மாஸ்டரின் தாளில் 'who' வந்தது. கீழும் மேலும் இருக்கிற டெர்மினல்கள் எல்லாம் ஒரே சர்வரோடு இணைந்தவை; அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை. எங்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே பெயர்தான்: student. ஆளை வைத்து இல்லை, உட்கார்ந்திருக்கிற டெர்மினலின் எண்ணை வைத்துத்தான் அடையாளம். நான் அடித்தேன். ஒரு வரிதான் வரும் என்று நினைத்தேன். இரண்டு வந்தது. student, tty02, அது நான். student, tty06, அது யாரோ.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தில் என்னைப் போல இன்னொருவர் உட்கார்ந்து, இதே பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! மேலேதான் இருக்க வேண்டும். படியேறிப் போய்ப் பார்க்கலாம். பையன்கள் ஹாலுக்கு ஒரு பெண் தனியாக ஏறிப் போனால் அது நான் ஊர் போய்ச் சேர்வதற்கு முன்பே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிடும். ஏற்கெனவே எனக்கு இருக்கிற பெயர் போதும்.

தாளில் அடுத்த வரியில் இருந்தது 'write'. இன்னொரு டெர்மினலுக்கு எழுத்து அனுப்பலாம். அனுப்பலாம் என்றால் என்ன அனுப்புவது? யோசித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்தேன்: 'saptacha?'

பதில் இல்லை.

மறுநாளும் அந்த ஆள் இருந்தார். 'நீங்க பொம்பளையா?' என்று கேட்டேன். பதில் இல்லை. பையனாக இருந்தால் இதற்குள் ஒன்றுக்கு மூன்றாகப் பதில் வந்திருக்கும், அதனால் பெண்தான், என்னை உட்கார வைத்தது போல மாஸ்டர் அவளையும் மேலே உட்கார வைத்திருப்பார் என்று முடிவு செய்தேன். பயந்த சுபாவமாக இருக்கலாம். அவளுக்கும் வீட்டில் ஏதோ இருக்கிறது போல என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்த நாளில் 'அங்கன மழையா?' என்று கேட்டேன். ஒரு கட்டடத்தின் மாடிக்கும் கீழுக்கும் வேறு வேறு மழை பெய்யும் என்று நினைத்தேனோ என்னவோ. அன்று கரிசல் மண் செருப்பில் அப்பி, ஆளுக்கு இரண்டு கால் போதாது என்கிற கனத்தோடு வந்திருந்தேன். அதையும் எழுதினேன். மாமாவைப் பற்றி எழுதினேன். மாமா சிரிக்கிறபோது எதிரில் இருப்பவர்களும் சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பார், எனக்கு அது பிடிக்கவில்லை என்று, வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவளுக்கு எழுதினேன். எந்த நாளும் கடைசியில் 'saptacha?' என்று முடிப்பேன்.

பதில் எழுதத் தெரியாதோ என்று ஒரு நாள் தோன்றியது. தாளைப் பார்த்து அவளுக்கு அடித்தேன்: write student tty02 என்று அடித்து என்டர் தட்டுங்க. சொல்ல வேண்டியதை அடிங்க. முடிச்சதும் கன்ட்ரோலும் D-யும் சேர்த்து அமுக்குங்க. ஒண்ணும் கஷ்டமில்லை.

அதற்கும் பதில் வராதபோது எனக்குக் கோபம் வந்தது. இவளுக்குமா நான் ஆகாதவள்? மாஸ்டர் கீழே வந்தபோது கேட்டேவிட்டேன்.

"சார், மேல யாரு சார் யூனிக்ஸ் படிக்கா?"

"மேலயா? அங்கன யாரும் இல்லையேம்மா. எல்லாப் பயலும் கலருக்கு மாறிட்டானுவளே."

who அடித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அந்த வரியின் கடைசியில் ஒரு தேதி இருக்கும், உள்ளே நுழைந்த நாள். நான் அதுவரை அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"தேதியப் பாருங்க. இத்தனை நாளா ஒரு ஆளு எந்திரிக்காமலா உக்காந்திருப்பான்?" அவர் சிரித்தார். "பேஸ் போச்சே, அன்னைக்கு மேல நீங்கதான உக்காந்தீங்க? வெளிச்சத்தை மட்டும் கொறச்சுட்டு வந்துட்டீங்க. exit போட்டாத்தான் அது ஒங்கள வெளிய விடும். சர்வர் ராவும் பகலும் ஓடுது, நீங்க உள்ளயே இருக்குதீங்க. மேல போயி exit போட்டுட்டு வாங்க."

படி ஏறினேன். பையன்கள் ஹாலின் மறுபக்கத்தில் கலர் ஸ்கிரீனைச் சுற்றி நின்றார்கள். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கா பயந்தோம் என்றிருந்தது. மூலையில் அந்த டெர்மினல், மேலே தூசியோடு. உட்கார்ந்து திருகைத் திருகினேன்.

திரை நிறைய நான் அனுப்பியவை. பழையவை மேலே நகர்ந்து மறைந்துபோக, மிச்சம் இருந்தவை வரிசையாக நின்றன. மழையா என்று கேட்டிருந்தது. சாப்பிட்டாச்சா என்று கேட்டிருந்தது. மாமாவின் சிரிப்பு. மறுபடியும் சாப்பிட்டாச்சா. ஒண்ணும் கஷ்டமில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, மாஸ்டர் ஏறி வந்து இதைப் படித்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் படித்துக்கொண்டேதான் இருந்தேன். அத்தனை மாதத்தில் என்னை இவ்வளவு விசாரித்தவர்கள் யாரும் இல்லை.

திரையில் இருந்த வழிமுறையைப் பார்த்து, அதில் சொல்லியிருந்தபடியே அடித்தேன். 'sapten. neenga?' கன்ட்ரோலும் D-யும் சேர்த்து அமுக்கினேன். பிறகு exit போட்டேன்.

கீழே இறங்கி என் இடத்துக்கு வந்தபோது பதில் வந்து நின்றது. நான் அனுப்பியதுதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை அழிக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு who அடித்தேன். ஒரு வரிதான் வந்தது.

மத்தியான பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். வீட்டில் அம்மா அடுப்புக்கு முன்னால் இருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல அடுப்பிடம் சொன்னாள்.

"சோறு இருக்கு. பசிச்சவிய போட்டுத் திங்கட்டும்."

நானும் அடுப்பைப் பார்த்தேன்.

"சாப்பிட்டாச்சு" என்றேன்.

அம்மா திரும்பினாள். அடுப்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கனட்டி?"

இத்தனை மாதத்துக்குப் பிறகு எனக்கென்று வந்த முதல் வார்த்தை. அதைக் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஏட்டி, ஒங்கிட்டதான் கேக்கேன். எங்கன சாப்பிட்ட? யாரு போட்டா ஒனக்குச் சோறு?"

அவள் முகத்தில் பயம் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"இல்லம்மா, சும்மா சொன்னேன். இன்னும் சாப்பிடல."

அம்மா மூச்சு விட்டாள். கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் போட்டுத் திங்கட்டும்" என்றாள் அதனிடம்.